மூன்றாம் படியிலிருந்து மேலே வந்த என் மகன்

சகோதரிமாருக்கு என் ஸலாம். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் படித்தவள். எழுத்துக் கோணும், இடையில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் நஸீர் கல்பிட்டிக் கடலில் கடலட்டை எடுக்க மூழ்கிக் குளிக்கிறவன். முந்திய வருஷம் நோன்பு முடிந்த கையோடு அவனுக்கு ஒரு காது அடைத்தது. கடலில் குளிக்கிறவர்களுக்குக் காது அடைப்பது எங்களுக்குப் புதினமில்லை. உள்ளிப்பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டேன். மூக்கால் ரத்தம் வந்தது. அதுவும் கடலால்தான் என்றோம். கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்றுநோய் என்றார்கள்.

கொழும்பில் ஸ்கேன் எடுத்தார்கள். நாலு படியில் இது மூன்றாம் படி என்றார் லேடி டாக்டர். நாங்கள் கடலின் ஆழத்தைப் பாகம் என்று அளப்போம். நஸீர் சிரித்தான்.

"மூணுதானே உம்மா. நான் எட்டுப் பாகம் எறங்கி ஏறினவன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிற ஆட்கள் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அன்று டாக்டரிடம் திறந்தேன்.

"மகள், இவன் தப்புவானா?"

"நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கு என்றுதான் படி சொல்லும். ஆள் தப்புவாரா என்று படியை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. வயசு, உடம்பு, ரத்தப் பரிசோதனை, மருந்துக்கு நோய் கேட்கிற விதம், எல்லாம் பார்க்கணும். கேட்கக்கூடிய நோய்தான். முடிவை இப்பவே சொல்ல ஏலாது அம்மா."

அவருக்குச் சொல்ல ஏலாதது என் ரப்பான அல்லாஹ்வுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு முசல்லாப் பாயிலேயே இருந்து ஒரே துஆதான் கேட்டேன். "யா அல்லாஹ், இவன் கடலில் இறங்கினால் தோணியில் இவன் வாப்பா கயிறு பிடித்திருப்பார். அவர் மௌத்தாகிவிட்டார். இப்போது நீ பிடி."

கதிர் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். வாயெல்லாம் வெந்தது. பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை.

"ஏலாது உம்மா, வீட்ட போவம்" என்றான்.

"எட்டுப் பாகம் எறங்கினவன் பாதியில கயித்த விடுறியா?"

நானா அப்படிக் கதைத்தேன் என்று இப்போதும் எனக்குப் பெருமை. அவன் விடவில்லை. முழுசாக முடித்தான்.

பிறகு எடுத்த ஸ்கேனிலும் ரத்தத்திலும் நோய் தெரியவில்லை. இடைக்கிடை வந்து காட்டச் சொன்னார் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அவனுக்கு வாயில் ஈரம் குறைவு. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே போகமாட்டான். கடலில் இறங்குவதுமில்லை. வாப்பா இருந்த இடத்தில் இருந்து மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறான். கரையில் நின்று பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

காது அடைத்துத் திறக்காவிட்டால் எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். போய்க் காட்டுங்கள். டாக்டருக்குச் சொல்ல ஏலாததை ரப்பிடம் கேளுங்கள்.

நோய்க் கதை சரியாக எழுதினேனோ தெரியாது. தெரிந்த பிள்ளை யாராவது இதோடு வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ரிப்போட்டைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். துஆவை மட்டும் நான் கேட்டபடியே விடுங்கள்.