மாலக்கி சுட்ட ரொட்டி

லீட்ரிம் சீமைப் பக்கத்தில் மாலக்கி டார்ப்பியைத் தெரியாத மாடே கிடையாது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றுகிற லாரிக்காரர். வாய்ப்பேச்சில் மன்னர், கல்யாண விஷயத்தில் மட்டும் படு மக்கு. தபால் ஆபீஸ் நோரீனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு முறை கேட்டும் பார்த்தார். இரண்டு முறையும் அவள், "சேச்சே, அதெல்லாம் வேணாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அதோடு மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

"சுடுதண்ணி வைக்கத் தெரியாதவன எவடா கட்டிக்குவா?" என்று அக்கா அட்ராக்டா குத்திக் காட்டினாள். ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு நோரீனை அழைத்தார். தன் கையாலேயே ரொட்டி சுட்டுப் போடுவது என்று முடிவு.

சனிக்கிழமை ஒத்திகை. தவிடு நீக்காத கோதுமை மாவு, சமையல் சோடா, உப்பு, மோர் எல்லாம் சரிதான். ஆனால் ஸ்டியரிங் பிடித்த கை, மாவை ஜென்மப் பகை தீர்ப்பதுபோல் பிசைந்து தள்ளியது. வெந்து வந்ததை அக்கா மேசையில் தட்டிப் பார்த்தாள்.

"டேய், இத வச்சுத் தொழுவத்துக்குச் சுவரு எழுப்பலாம்டா! சோடா ரொட்டி மாவ இப்படியா போட்டு உதைப்பாங்க? மோர ஊத்து, கைய விட்டு ரெண்டு சுத்து, உடனே அடுப்புல தள்ளு. மேல சிலுவைய ஆழமாக் கீறு. உள்ள இருக்கிற குறளிப்பேய் வெளிய போக வேணாமா?"

மறுநாள் அக்காவை வெளியே அனுப்பிவிட்டு அப்படியே செய்தார். அடிப்பக்கம் தட்டினால் தொம் தொம்மென்று சத்தம். அடடா, வெந்துவிட்டது! லாரிக்காரர் அடுப்படியில் ஒரு ஆட்டமே போட்டார். ஓர் ஓரம் லேசாகக் கருகியிருந்தது, அது ஒன்றுதான் குறை.

நோரீன் வந்தாள். ரொட்டியை நீட்டினார்.

"ஐயோ வேணாம் மாலக்கி, இப்பத்தான் சாப்பிட்டேன்."

அந்தப் பக்கத்தில் எவரும் கேட்டவுடன் கை நீட்ட மாட்டார்கள். இரண்டு தடவை மறுப்பார்கள். மூன்றாவது தடவை, "சரி, ஒரே ஒரு துண்டு" என்று ஆரம்பித்துத் தட்டைக் காலி செய்வார்கள். மாலக்கியும் பண்ணை தோறும் அப்படித்தான் தின்று வளர்ந்தவர்.

"ஒரு துண்டாவது எடுத்துக்கோயேன்."

"சத்தியமா வேணாம்ப்பா."

மாலக்கியின் கண் ரொட்டியின் கருகிய ஓரத்துக்குப் போயிற்று. கருகலைப் பார்த்துவிட்டாள், எல்லாம் போச்சு! "சரி, விடு" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"யோவ் மாலக்கி! உனக்கு மூளை இருக்கா? காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம வந்திருக்கேன், தட்டத் தூக்கிட்டுப் போற!"

"நீதானே வேணாம்னு..."

"பின்ன? கேட்டதும் கைய நீட்டற மாதிரியா எங்கம்மா வளத்தா? மூணாவது தடவ கேட்டா வாய் வலிக்குமா?"

தட்டு பறந்து திரும்பி வந்தது. வெண்ணெயை அப்பித் தின்றாள். கருகிய ஓரத்தையும் விடவில்லை. மாலக்கிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை, வாயெல்லாம் பல். இன்னொரு துண்டை எடுத்தவள் கொஞ்சம் குரலைத் தணித்தாள்.

"அன்னிக்கும் இதே கூத்துதான். ரெண்டு தடவ கேட்டுட்டு ஓடிப் போயிட்ட. மூணாவதுக்கு நான் எத்தன வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

மாலக்கி கையிலிருந்த வெண்ணெய்க் கத்தி தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட மனிதருக்குத் தோன்றவில்லை.

"நோரீன், என்னை..."

"சரி," என்றாள் அவள், வாய் நிறைய ரொட்டியோடு.