பதினாலாம் டாங்கும் செல்வதாஸ் அண்ணனும்

செல்வதாஸ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, நம் பழைய பீர் ஆலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறரைக்கு வந்தது. நாகர்கோவில் வீட்டில் நான் தோசை மாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் ஒரு பிடி போட்டேன். அன்றைக்குத் தோசையை யாரும் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் குழுவில் இன்னொரு செய்தி வந்தது: "உமா மேடம், அவரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே ஊர்ப்பக்கம், பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்தவர்." சரி என்று ஒரு கும்பிடு போட்டேன். அடக்கத்துக்குக் கிளம்பும் முன்பே இரண்டு பத்தி எழுதியும் முடித்தேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை என்பதால் அப்படியே கீழே விடுகிறேன். மற்றதெல்லாம் திரும்பி வந்த பிறகு எழுதியது.

அண்ணன் குலசேகரத்துக்காரர். மதுவைத் தொடுவதில்லை என்று சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்த குடும்பம். நான் தாழக்குடிச் சைவக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டுக்குள் வெள்ளிக்கிழமையானால் வெங்காயம்கூட வராது. அப்படிப்பட்ட இரண்டு பேரும் பெங்களூர்ப் பக்கம் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தோம். பீர் காய்ச்சும் முழுப்பொறுப்பும் அவருடையது, நான் ஆய்வுக்கூடத்தில். ஊரில் இருவருமே 'மால்ட் கம்பெனி' என்று சொல்லிவைத்திருந்தோம். முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்றுதான் பெயர், அதனால் பாவம் பாதிதான் என்பார் அண்ணன். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சபை மூப்பர் ஒருவர், "பேரனுக்கு ஒடம்பு தேறல்ல, உனக்க கம்பெனி மால்ட்டு ரெண்டு டப்பா கொண்டு வாடே" என்று கேட்டுவிட்டார். அண்ணன் பார்லி மால்ட்டை நைசாக அரைத்து, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பையன் தேறிவிட்டான். மறுவருஷம் மூப்பர் நாலு டப்பா கேட்டார்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். "நாம எங்க மக்கா பீரு காய்ச்சுகோம்? நாம வைக்கியது வெறும் பார்லிக் கஞ்சி. மிச்சமெல்லாம் ஈஸ்டுக்க வேலையாக்கும்" என்பார். ஒரு டாங்கில் வேலை முடித்த ஈஸ்டை எடுத்து அடுத்த டாங்கில் விடும்போது, பாலுக்கு உறை ஊற்றும் எங்கள் அம்மாவைப்போல் மூச்சடக்கி நிற்பார். தினமும் பதினொரு மணிக்கு ருசி பார்க்கும் அறையில் ஆறு பேர் உட்காருவோம். எந்தக் கிளாஸில் எந்த டாங்க் என்று எங்களுக்குத் தெரியாது, அடியில் ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. "எழுதின பொறவு வாயத் தொற" என்பது அவர் போட்ட சட்டம். ஒருத்தன் முந்திக்கொண்டு "ஆகா" என்றால் மீதி ஐந்து நாக்கும் அதற்குத் தலையாட்டிவிடும் என்பார். அது முழுக்க உண்மை.

முதலில் எழுதியது இவ்வளவுதான். மூன்றாவது பத்தியில் என் பெருமையைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை வெண்ணெய் உருக்குவார்கள். அந்த வாசனையில் வளர்ந்த மூக்கு என்னுடையது. பீரில் வெண்ணெய் வாசனை வந்தால் அது கெட்ட சகுனம். ஈஸ்ட் தன் வேலையின் நடுவில் அந்த வாசனைக்கான சரக்கைப் பீரில் விட்டுவிடும். கடைசியில் இரண்டு நாள் குளிர்விக்காமல் பொறுத்தால் அந்தச் சரக்கை அதுவே தின்று தீர்த்துவிடும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் ஈஸ்ட் தூங்கிப்போகும். சரக்கு பீரோடு பாட்டிலுக்குள் போய் அங்கே மணக்க ஆரம்பிக்கும். இந்த மணத்தை ஆலையில் எல்லோருக்கும் முன்னால் பிடிப்பவள் நான்தான்.

ஒரு கட்டத்தில் அண்ணன் என்னைத் தினமும் பத்தரை மணிக்கே தன் அறைக்குக் கூப்பிட ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு வரப்போகும் அதே பீர்கள், அதே எண்களோடு, மேசையில் கிளாஸ்களில் தயாராக இருக்கும். "நீ மொதல்ல சொல்லு மக்கா" என்பார். சொல்வேன். பதினொரு மணிக்கு எல்லோரோடும் உட்கார்ந்து மறுபடி எழுதுவோம். என் தாளும் அவர் தாளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். தான் போட்ட சட்டத்தைத் தானே எனக்காக மீறுகிறார், என் நாக்குக்கு அவ்வளவு மரியாதை என்று நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். பைத்தியக்காரி.

அந்த வருஷம் கோடையில் என் தம்பி கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவு போட்டேன். கோடைதான் பீருக்குத் திருவிழா. விற்பனை மேலாளர் தினமும் டாங்குகளுக்கு முன்னால் வந்து நின்று பெருமூச்சு விடுவார். ஒரு டாங்க் ஒரு நாள் சும்மா கிடந்தால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். நான் திரும்பி வந்தபோது பதினாலாம் டாங்க் குளிர்ந்து, பாட்டிலில் அடைக்கத் தயாராக இருந்தது. குளிர்விக்கச் சொன்ன கையெழுத்து அண்ணனுடையது. 'வெண்ணெய் வாசனை இல்லை' என்று குறித்திருந்ததும் அவர்தான். ஒரு கிளாஸ் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் வீட்டு அடுப்படி அப்படியே மணத்தது.

"இது வெளியே போகக் கூடாது" என்றேன். விற்பனை மேலாளர் குதித்தார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "சண்ட என்னத்துக்கு? மூணு கிளாஸ் வச்சுப் பாத்திருவோம்" என்றார்.

மூன்று கிளாஸ் சோதனைதான் பீர்க்காரர்களுக்குக் கோர்ட். இரண்டு கிளாஸில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. அந்த வேறானதை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், இரண்டு பீருக்கும் உமக்கு வித்தியாசம் தெரியவில்லை, வாயை மூடும் என்று அர்த்தம். 'மூன்றும் ஒன்று' என்று சொல்ல இடம் கிடையாது. தெரியாவிட்டாலும் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். நல்லதாக இருந்த பத்தாம் டாங்கையும் என் பதினாலாம் டாங்கையும் கலந்து வைப்பதாகப் பேச்சு. ஊற்றிக் கொண்டுவந்தவர் ஆய்வுக்கூடத்து சேவியர். குளச்சல்காரர், எங்கள் மூவரில் தான் எங்கே வேலை செய்கிறோம் என்று ஊரில் உள்ளபடி சொன்ன ஒரே ஆள்.

ருசித்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ருசித்தேன். வெண்ணெய் எதிலுமே இல்லை.

"மூணும் ஒண்ணுதாண்ணே" என்றேன்.

"அப்பிடிச் சொல்லப்பிடாது மக்கா. சட்டம் உனக்குத் தெரியாதா? ஒண்ண எடு."

நடுக் கிளாஸை எடுத்தேன். அவர் அதைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். கையிலிருந்த தாளையும் பார்த்தார். "தப்பு மக்கா" என்றார், அவ்வளவு மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல. மூன்று தடவை வைத்தார்கள். மூன்று தடவையும் தப்பு. மேலாளர் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

மறுவாரம் என்னைத் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். "கல்யாண வீட்டுச் சாப்பாட்டுல நாக்கு மரத்திருக்கும், செரியாயிரும்" என்று அண்ணன் ஆறுதல் சொன்னார். சில வாரம் கழித்துக் கடைகளிலிருந்து பாட்டில்கள் வெண்ணெய் நாற்றத்தோடு திரும்பி வந்தன. கடைக்காரர்கள் வெயிலில் வைத்திருப்பார்கள் என்று பேசி முடித்தார்கள். அதை நானும் நம்பினேன் என்பதைத்தான் இன்று நினைத்தால் தாங்க முடியவில்லை. ஒன்பது கிளாஸ் ருசித்து ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாத நாக்கை நான் எப்படி நம்புவது? ஒரு வருஷத்தில் வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். அன்றிலிருந்து சாம்பாரில் உப்புச் சரியா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் அடுப்பிலிருந்து இறக்குகிறேன். அவர் ஊறுகாயையும் பாயசத்தையும் ஒரே முகத்தோடு சாப்பிடுகிற மனிதர்.

இனி அடக்க நாளுக்கு வருகிறேன். குலசேகரத்தில் அண்ணன் வீடு ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு வாங்கியது. வீட்டை ஒட்டியே ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை. கல்லறையிலிருந்து திரும்பி, அண்ணன் மனைவியோடு பின்பக்கம் உட்கார்ந்தேன். மைனி என்றுதான் அவர்களைக் கூப்பிடுவேன். புளித்த ரப்பர் பால் நாற்றம் அடித்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். மைனி அதைப் பார்த்துவிட்டார்கள்.

"எனக்கே இன்னும் பழகல்ல உமா. அவியளுக்கு ஒரு தொந்தரவும் இல்ல கேட்டியா. அதுனாலதான் இந்த எடத்த வாங்கினாவ."

"அதெப்படி மைனி?"

"அவியளுக்கு மணமே தெரியாதே. சின்னவ பொறந்த வருசம் அங்க வச்சு ஒரு காய்ச்சல் வந்துல்லா, அதோட போச்சு. மீனு கெட்டுப் போச்சுன்னாக்கூட நான்தான் சொல்லணும். ஒருத்தருக்கும் தெரியப்பிடாதுன்னு எனக்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாவ. இனி என்னத்துக்கு மறைக்க?"

சின்னவள் பிறந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆலை முழுக்க லட்டு கொடுத்தார். பிறகு காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். எழுந்து வந்த வாரம்தான் பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நீ மொதல்ல சொல்லு மக்கா.

வாசலில் சேவியர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கேட்டேன்.

"சேவியரே, அன்னைக்கு அந்த மூணு கிளாஸ்லயும் என்னத்த ஊத்தினீரு?"

அவர் ரப்பர் மரங்களைப் பார்த்தார். "எனக்கு வேல வாங்கித் தந்ததே சாருதான் அக்கா. மூணுலயும் பத்தாம் டாங்க ஊத்துன்னாரு. ஊத்தினேன்."

"ஒம்பது கிளாஸும்?"

"ஒம்பதும்தான். ஒங்க மொகத்தப் பாக்க முடியாமத்தான் பொறவு ஒங்ககிட்ட பேசவே இல்ல."

குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் துக்கம் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அது கோபம். மூக்கு போனது அண்ணன் குற்றமில்லை. பீர் காய்ச்சுகிறவனுக்கு மூக்கு போவது எவ்வளவு பெரிய பயம் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் ஓய்வுபெறும் நாள்வரை நானே அவருக்கு மூக்காக இருந்திருப்பேன், யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டேன். அவர் என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டார். நான் இல்லாத ஐந்து நாளில் செய்த தவறை மூடுவதற்கு, எடுத்ததையே பொய்யென்று காட்டினார், அதுவும் நானும் அவரும் கோர்ட்டாக மதித்த அந்த மூன்று கிளாஸை வைத்து. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இறந்துபோனவர் என்பதற்காக மன்னித்ததாக எழுதவும் மாட்டேன்.

நண்பர்களே, நீங்கள் எதிர்பார்த்த அஞ்சலி இது இல்லை என்று தெரியும். ஆனாலும் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்லியாக வேண்டும். மால்ட் டப்பாவை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஈஸ்டின் முன்னால் அவர் மூச்சடக்கி நின்ற அந்த நிற்பு மறக்காது. மூன்றாவது, அவரிடம் இத்தனை வருஷம் கிடந்த என் சொந்தப் பொருள். அதை அடக்க வீட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றுச் சாம்பாரை யாரையும் கேட்காமல் இறக்கினேன். உப்பு சரியாக இருந்தது.

நீ மொதல்ல சொல்லு மக்கா என்பீர்களே அண்ணே. அன்றைக்கும் நான்தான் முதலில் சொன்னேன். மூன்றும் ஒன்றுதான்.