சப்பாத்தைக் கழற்றாத பெண்

பாரிசிலிருந்து என் கணவர் அனுப்பிய பெட்டியில், சவர்க்காரங்களுக்கும் பிள்ளையின் சட்டைகளுக்கும் நடுவே, அவர் விளையாடிப் பழசாகிப் போன கேம் பெட்டி இருந்தது. ரீவியில் பூட்டி விளையாடுவது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மகள் தவழும் வயதில் அவர் போனவர். இப்போது அவள் முதலாம் வகுப்பு. ஃபோனில் அப்பாவின் முகம் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "கூச்சம்" என்று அவருக்குச் சொல்லிச் சமாளிப்பேன். அவரைப்பற்றி நான் பிள்ளைக்குப் போதுமான அளவு சொல்லவில்லையோ, அல்லது அதிகமாகச் சொல்லி வெருட்டிவிட்டேனோ என்று பிறகு கிடந்து யோசிப்பேன். இந்தப் பெட்டியாவது இரண்டு பேரையும் கதைக்க வைக்காதா என்று ஒரு ஆசை.

பழைய காலத்துப் புதையல்களைத் தேடித் திரியும் ஒரு பெண்ணின் கதைதான் அதிலிருந்த விளையாட்டு. கயிறும் தீப்பந்தமுமாக மலை ஏறுவாள், பள்ளம் தாண்டுவாள். அவளுடைய முதுகைப் பார்த்தபடி நாங்கள் பின்னால் போவோம். நான் பட்டன்களை அழுத்த, மகள் வழி சொல்வாள். துவக்குச் சுடும் சத்தம் வரும் இடங்களில் ஒலியை முற்றாகக் குறைத்துவிடுவேன். சண்டையைக் கண்ட எங்கள் சரவணை ஊரில், பக்கத்து வீடுகளில், அந்தச் சத்தம் யாருக்கும் விளையாட்டாகக் கேட்காது.

ஒருநாள் காட்டுக்குள் ஒரு கல் வாசல் திறந்தது. உள்ளே மண்டபம், அதன் கோடியில் பொன் சிலை. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நில்லுங்கோ! சப்பாத்தோட கோயிலுக்குள்ள போறா!"

முந்தின வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். செருப்போடு வாசற்படியில் கால் வைத்த மகளை நான்தான் அதட்டினேன். இப்போது நான் எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்தேன். அந்தப் பெண் குதித்தாள், குந்தினாள், பந்தம் கொளுத்தினாள். சப்பாத்தை மட்டும் கழற்றவில்லை.

"அப்பாட்டக் கேளுங்கோ" என்றாள் மகள். நான் அவசரமாக அவருக்கு ஃபோன் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சப்பாத்தை எப்படிக் கழற்றுவது என்று அவளே கேட்டாள்.

"அதுக்குப் பட்டன் இல்லை, குஞ்சு" என்று அவர் சிரித்தார். "அது கோயில் இல்லை, புதையல் எடுக்கிற இடம்."

"சாமி இருக்குத்தானே?"

அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். மகள் ஃபோனை என் மடியில் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள்.

"ஏன் சிரிச்சனீங்கள்? முதல்முதலா அவளாக் கதைக்க வந்தவள்."

"நீரும் பிள்ளையோட சேர்ந்து..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "ஓம். பிழைதான்."

வேலை முடிந்து களைத்து வந்த மனிதனோடு ஏன் அப்படிக் கதைத்தேன் என்று அன்று முழுக்க மனம் அரித்தது. பேசாமல் இருந்திருந்தாலும் அரித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஃபோன் எடுத்தார். மகளைக் கூப்பிடச் சொல்லவில்லை. "ஃபோனைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடியும்" என்றார். தன் ரீவியைக் காட்டினார். அவர் புதிதாக வாங்கியிருந்த பெட்டியில் அதே விளையாட்டு, அதே கல் வாசல். ஆனால் அவர் உள்ளே போகவில்லை. வாசலுக்கு இடப்பக்கம், பாறைக்குப் பின்னால், நாங்கள் கவனிக்காத ஒரு சிறிய குளம் இருந்தது. அந்தப் பெண்ணை அதற்குள் இறக்கி அங்கும் இங்கும் நடக்கவிட்டார்.

"சப்பாத்தைக் கழட்ட ஏலாது பிள்ளை. ஆனா கழுவலாம்."

கதவு அசைந்தது. முதலில் ஒரு கண் வந்தது.

"குதிக்கால் நனைஞ்சதோ?"

அது என்னுடைய கேள்வி. வெளியே போய் வரும்போதெல்லாம் கிணற்றடியில் கால் கழுவும் அவளிடம் நான் கேட்பது; குதிக்கால் நனையாவிட்டால் சனி பிடிக்கும் என்று சொல்லி என்னிடம் என் அம்மா கேட்டது. அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குள் குந்த வைத்தார்.

"இப்ப?"

"ஓம். இப்பப் போகலாம்." மகள் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பெண் மண்டபத்துக்குள் நடந்தாள். சிலையை எடுத்தால்தான் அடுத்த வாசல் திறக்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார்.

"அப்ப சாமியிட்டக் கேட்டிட்டு எடுங்கோ" என்றாள் மகள்.

சிலைக்கு முன்னால் அந்தப் பெண்ணை அசையாமல் நிறுத்திவைத்தார்.

"அப்பா," என்றாள் மகள், திரையைப் பார்த்தபடியே, "நீங்கள் வரேக்க எங்கட கிணத்தடியில கழுவலாம். நான் வாளியில தண்ணி வைக்கிறன்."

அவருடைய ஃபோன் சரிந்து, கொஞ்ச நேரம் அந்த அறையின் முகட்டை மட்டும் காட்டியது. எப்போது வருவார் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன். அவள் கேட்கவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

"ஓம் குஞ்சு" என்றது அவர் குரல். "குதிக்காலும் கழுவுவன்."