ஒரு முறம் தவிடு

திருச்சியில் அந்த டாக்டர் என்னிடம் மூன்று பொருள்களின் பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மளிகைக் கடைக்கு அனுப்புகிற பிள்ளையா நான்? "சொன்னது நீங்கதானே, நீங்களே வச்சுக்குங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் என் கையை அழுத்தினாள். கோபமெல்லாம் சும்மா. மூன்றில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை, அதுதான் விஷயம்.

டாக்டருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். ஆனாலும் பொறுமைசாலி. சர்க்கரை, தூக்கம், பிரஷர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "சின்ன வயசுல ரொம்ப பயந்து வளந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எங்க காலத்துல கஷ்டப்படாத புள்ள ஏது சார்? யுத்த காலம். மண்ணெண்ணெய் கெடையாது, அரிசி கெடையாது."

"கஷ்டத்தைக் கேக்கலம்மா. நமக்குன்னு யாரும் இல்லைங்கற பயம். வருஷக்கணக்கா அப்படி பயந்துகிட்டே இருக்கற புள்ளைக்கு, ஞாபகத்தை எடுத்து வைக்கற எடம் மூளையில சரியா ஊனி வளராம போகலாம். வயசாகும்போது அது மொதல்ல தளர்ந்து போகலாம். எல்லாருக்கும் அப்படின்னு இல்ல. உங்களுக்கு வயசும் ஒரு காரணம், சர்க்கரையும் ஒரு காரணம்."

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பெரம்பலூருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் கேட்டதற்குத்தான் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் இதுவும் இருக்குமோ இருக்காதோ.

குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம் எங்களுடையது. வரகும் கம்பும் பருத்தியும் விளையும், மழை பெய்தால். எனக்கு முன்னால் என் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. நான் பிறந்ததும் ஊரில் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தார்கள். தீட்டுக் கழிந்த அன்று என்னை ஒரு முறத்தில் போட்டு எதிர்வீட்டு வாசலில் வைத்தார்கள். அந்த வீட்டுக்காரி என்னை எடுத்துக்கொண்டு, அதே முறத்தில் தவிட்டை நிரப்பி என் அம்மாவிடம் கொடுத்தாள். தவிட்டை எங்கள் எருமை தின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவளே என்னைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்க புள்ளைய நீங்க வளத்துக் குடுங்க" என்று எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் எமன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். எதிர்வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டால் அவனுக்கு அடையாளம் தெரியாது. இவ்வளவுதான் ஏற்பாடு. எமனுடைய புத்தியைப் பற்றி எங்கள் ஊருக்கு அவ்வளவு மட்டமான அபிப்பிராயம்.

கைமாறியது பேச்சளவில்தான். நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எங்கள் வீட்டில்தான். ஆனால் அந்தப் பேச்சை எல்லோரும் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். எதிர்வீட்டுக்காரியை நான் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். பெற்ற அம்மாவை 'அத்தை' என்று. தெருவில் மற்ற பிள்ளைகள் "யம்மா, இங்க வா" என்று கத்துவார்கள். நான் மட்டும் "அத்த, வாங்க" என்பேன். என் அம்மா என்னைக் கொஞ்சக் கூடாது, மடியில் போட்டுக்கொள்ளக் கூடாது, 'எம் புள்ள' என்ற சொல் மறந்தும் வாயில் வரக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைப்பாள், சோறு போடுவாள், பேன் பார்ப்பாள். எல்லாம் அடுத்தவர் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறவள் மாதிரிச் செய்வாள். எதிர்வீட்டுக்காரிக்கோ சொந்தத்தில் வீடு நிறையப் பிள்ளைகள். நல்லவள்தான், ஆனால் நான் ஒருத்தி இருப்பதே அவளுக்குப் பாதி நேரம் நினைவிருக்காது.

பல் விழுந்து முளைக்கிற வயதில், குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி, அவளிடம் ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து என்னை மீட்டுக்கொள்வதாகப் பேச்சு. இது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் என்னைக் கூப்பிட்ட பெயர்தான்: தவிட்டுப் புள்ள. கிணற்றடியில் பெண்கள் வேடிக்கைக்குச் சொல்வார்கள், "ஏ தவிட்டுப் புள்ள, குறும்பு பண்ணின, ஒன்னயக் குடுத்துட்டு இன்னொரு மொறம் தவிடு வாங்கிருவாங்க". சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எருமைக்குத் தவிடு இருக்கிறதா என்று பானையைத் திறந்து பார்ப்பேன். தவிடு குறைந்திருந்தால், அதற்காக என்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று அன்றைக்குச் சோறு இறங்காது.

எதிர்வீட்டுக்காரி அடிக்கடி எங்கள் வீட்டுக்கு முறம் இரவல் கேட்டு வருவாள். அவள் கையில் முறத்தைப் பார்த்தால் போதும், நான் தானியக் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அவள் போகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். "எங்க இந்தப் புள்ள?" என்று அவள் கேட்டால் இன்னும் உள்ளே ஒடுங்குவேன். அரிசி புடைக்கிற சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். என் மகள் கடையில் பாக்கெட் அரிசிதான் வாங்குகிறாள். அது பெரிய நிம்மதி.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு என் தலையில் ஏறவே இல்லை. "மண்டையில என்ன களிமண்ணா இருக்கு?" என்று வாத்தியார் கேட்பார். களிமண் இல்லை. தெருவில் யார் போகிறார்கள், யார் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதிலேயே என் காது இருந்தது. அப்புறம் வாய்ப்பாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு தம்பி பிறந்தான். நான் தங்கிவிட்டதால் தோஷம் கழிந்துவிட்டது என்று அவனை யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "எந் தங்கம், எம் புள்ள, எம் ராசா" என்று நாள் முழுக்கக் கொஞ்சுவாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அவனைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. அப்படியென்றால் நான் நிஜமாகவே இவர்களுடைய பிள்ளை இல்லை என்று உறுதியாகிவிட்டது, அவ்வளவுதான். அதே வீட்டில் அதே கூழைக் குடித்து வளர்ந்தவன். இன்றைக்கு எண்பதை நெருங்குகிறான். எங்கள் வீட்டு மாடுகளுக்கு என்னென்ன பெயர், எந்தக் கன்றுக்கு நெற்றியில் சுழி, எல்லாம் சொல்லுவான். எனக்கு அந்த வீட்டின் வாசல்படிகூடச் சரியாக நினைவில்லை. இதை எந்த டாக்டர் கணக்கில் சேர்க்கிறார் என்று எனக்குத் தெரியாது.

என்னை மீட்க வேண்டிய வருஷம் மழை பொய்த்தது. கிடாவுக்கும் பொங்கலுக்கும் வழியில்லை, அடுத்த ஆடியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஆடி வருவதற்குள் எனக்கு விஷ ஜுரம் வந்தது. கஷாயம், பத்து எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, அப்பா வண்டி கட்டினார். அரியலூர் ஆஸ்பத்திரிக்கு. அம்மா வண்டியில் என்னைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் பார்க்காத வழி என்பதால் இருக்கலாம். ஜுரத்திலும் எனக்கு அது சுகமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒருத்தி கேட்டாள், "யாரும்மா புள்ளையோட அம்மா?"

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு, "எங்க புள்ள இல்லைங்க. எதுத்த வூட்டுப் புள்ள" என்றாள்.

"அப்ப நீ யாரு?"

"அத்தைங்க."

"உள்ள அம்மாவுக்கு மட்டுந்தான் எடம். மத்தவங்க இருக்கக் கூடாது. நீ வெளிய போ."

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தேன். அது என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. துணி உருவியது மட்டும்தான் கையில் இருக்கிறது.

பிறகு அந்தக் கட்டில். ஒரு சிவப்புக் கம்பளி. உத்திரத்தில் ஒரு பல்லி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு அவள் அம்மா கஞ்சி ஊட்டினாள். ஒரு வாய் எனக்கும் ஊட்டினாள். நான் "அத்த, அத்த" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், இதுதான் அந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எத்தனை நாள் அங்கே கிடந்தேன், என்ன நடந்தது, எதுவும் நினைவில்லை. ஜுரம் விட்டதும் அம்மா வாசலில் நின்றாள். என்னைத் தூக்கி வண்டியில் வைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கமே விட்டுப்போய்விட்டது.

ஆடிக்கு முன்னாலேயே ஊரில் வாந்திபேதி வந்தது. எதிர்வீட்டுக்காரி இரண்டே நாளில் போய்விட்டாள். எல்லோரும் அவளுக்காக அழுதார்கள். என் அம்மா வேறு எதற்கோ சேர்த்து அழுதாள். வாங்கியவளே போய்விட்டால் தவிட்டை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அவள் புருஷனிடம் கொடுக்கலாமா, மூத்த மகளிடம் கொடுக்கலாமா என்று பேசினார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குன கைதான் குடுக்கணும். தப்பாப் பண்ணி வெனயாயிடுச்சுன்னா? இருக்கற மாதிரி இருக்கட்டும்" என்றாள். அப்படியே இருந்தது. செத்துப்போன ஒருத்திக்குச் சொந்தமான பிள்ளையாகவே நான் வளர்ந்தேன்.

ஒரே ஒரு தடவை நான் கேட்டேன். அம்மா வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கிட்டே போய் உட்கார்ந்து, "அத்த, நான் உங்க புள்ளதானே?" என்றேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரோ வந்து நிற்கிற மாதிரி. "அத மட்டும் கேக்காத" என்றாள். அவள் கையின் வெங்காய வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. பதில் மட்டும் வரவே இல்லை.

கல்யாணமாகி வந்தேன். பிள்ளை பெற்றேன். அம்மா சாகிறவரை அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். காரியம் முடிந்த அன்று அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நான் கிடந்த அத்தனை நாளும் அம்மா வெளியே வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லையாம். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லையாம். "போயி நாந்தான் பெத்தவள்னு சொல்லேன், உள்ள விடுவாங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். நான் சொல்ற நேரம் பாத்து அவன் கேட்டுட்டா என்ன பண்றதுன்னுட்டா" என்றார். அவன் என்றால் எமன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு சுவர்தானே நடுவில்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தால் நான் செத்தே போயிருந்தாலும் அவள் பிள்ளையாகச் செத்திருப்பேனே. இப்படி நினைப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். என்னைப் பிழைக்க வைக்கத்தான் அப்படிச் செய்தாள். பிழைத்துத்தான் கிடக்கிறேன், இத்தனை வருஷமாக.

போன வாரம் ஒரு சாயங்காலம், என் மகள் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தவிட்டுக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. நான் போய் உட்கார்ந்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாள்.

"மத்தியானம் தூங்கி எந்திரிச்சு என்னயப் போயி அத்தைன்னு கூப்ட்டம்மா. வாங்க போங்கன்னு ஒரே மரியாத வேற."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வேற என்ன சொன்னேன்?"

"அத்த, நான் உங்க புள்ளதானேன்னு கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? ஆமா, எம் புள்ளதான், வேற யாரு புள்ள, பேசாமப் படுன்னேன். சிரிச்சுகிட்டே தூங்கிட்ட."

எனக்கு அது நினைவில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். மத்தியானம் படுத்தது தெரிகிறது, எழுந்து காபி குடித்தது தெரிகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஒரு பதிலை யாரோ சொல்லியிருக்கிறார்கள், நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன், அது எனக்குத் தங்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சிரிப்பை நிறுத்திவிட்டு, வெங்காயக் கையோடு என் கன்னத்தைத் தொட்டாள். "எம் புள்ளதாம்மா நீ" என்றாள்.

நான் என்னை அறியாமல் திரும்பி வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.