நீலக் கோட்டுக்குள் ஒரு வீடு

யமுனா வரலாறு படிக்க வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. லால்குடியிலிருந்து திருச்சிக்கு வந்து விண்ணப்பம் போட்டபோது அந்தத் துறையில்தான் இடம் கிடைத்தது. சேர்ந்த பிறகு அது அவளை விடவில்லை. முனைவர் பட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு ஒரு மாடி போர்ஷன் பிடித்து, நகரத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. கௌரவம் பெயரில்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

பிள்ளைகள் வகுப்பில் கண் அசருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். நூறு வருடத்துக்கு முந்தைய நில அளவைப் படத்தை இன்றைய சாட்டிலைட் படத்தின்மேல் பொருத்தும் வித்தையை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு பாறை, ஒரு கோயில், ரயில் பாதை ரோட்டைக் கடக்கும் இடம் என்று இரண்டிலும் இடம் மாறாதவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். காணாமல் போன குளங்களைக் கண்டுபிடியுங்கள் என்று வகுப்புக்குப் பயிற்சி கொடுத்தாள். அன்றிலிருந்து யாரும் கண் அசரவில்லை.

கம்ப்யூட்டர் அறையைத் திறந்து, பெருக்கி, பூட்டுகிறவள் செல்லக்கிளி. ஐம்பதை நெருங்கியவள், கால் வலிக்காரி, கணவன் இல்லை. எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி ஒரு தெருவில் மகளோடு இருந்தாள். வகுப்பு முடிந்தும் யமுனா திரைமுன் உட்கார்ந்திருந்தால் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நிற்பாள்.

"இதுல எங்க வீடு தெரியுமா மேடம்?"

யமுனா தெருவைத் தேடிப் பெரிதாக்கிக் காட்டினாள். செல்லக்கிளி மேசைமேல் குனிந்தாள். "அய்யோ, ஆமாம். அந்தத் தகரம் எங்களுதுதான். பக்கத்துல முருங்கைமரம்!" என்று வாயில் கைவைத்துச் சிரித்தாள்.

யமுனா பழைய படத்தை அதன்மேல் கொண்டுவந்தாள். தெரு மறைந்தது. அந்த இடத்தில் அகலமான நீல வட்டம், நடுவில் பூலாங்குளம் என்ற பெயர்.

"அதான் மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி நிக்குதா!" என்றாள் செல்லக்கிளி. அன்று இருவருமே அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் கல்லூரிக் கண்காட்சியில் மாணவர்கள் அந்தப் படங்களை வைத்தார்கள். இணையத்திலும் ஏற்றினார்கள். முப்பத்தொரு குளங்கள். எதைத் தொட்டாலும் அன்றைய பரப்பும் இன்றைய நிலையும் தெரியும். பத்திரிகையில் செய்தி வந்தது. துறைத்தலைவர் யமுனாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். வாட்ஸ்அப்பில் அந்தக் குளங்களின் படம் ஊர் சுற்றியது. ஆறு மாதம் கழித்து, நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றிய ஒரு பொதுநல வழக்கில் யாரோ அதை இணைத்துத் தாக்கல் செய்திருப்பதாகத் தெரிந்தபோது யமுனா பெருமைப்படவும் செய்தாள்.

குளத்துக்கான பதிவு அதிகாரிகளிடம் எப்போதும் இருந்ததுதான். எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. நீதிமன்றம் கேட்டதும் பார்த்தாக வேண்டியதாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, பூலாங்குளம் இருந்த இடத்தில் அறுபத்து நான்கு வீட்டுக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

மறுநாள் செல்லக்கிளி அறையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"மேடம், அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?"

"போட்டா அது பொய்யாயிடும்க்கா."

"நாங்க இருபத்திரெண்டு வருஷமா அங்க இருக்கோம். அது நெசந்தானே மேடம்?"

யமுனா திரையின் பக்கம் திரும்பினாள். மூன்று நாள் உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பொருத்திப் பார்த்தாள். இன்னும் ஒன்பது இடங்களைச் சேர்த்துச் சரிபார்த்தாள். தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தவறினாலும் பத்து மீட்டருக்குமேல் தவறாது என்றது கணக்கு. செல்லக்கிளியின் வீடு கரையிலிருந்து எண்பது மீட்டர் உள்ளே இருந்தது.

இணையத்திலிருந்து படத்தை நீக்கினாள். அதற்குள் நூறு பேரிடம் போய்விட்டிருந்தது. பிறகு அவளுக்குத் தெரிந்த வேலையையே அந்தத் தெருவுக்காகவும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வரி ரசீது, கரண்ட் இணைப்புக் கடிதம், ரேஷன் கார்டு, அந்த மனைகளை விற்றுவிட்டுக் காணாமல் போன தரகரின் கையெழுத்துச் சீட்டு என்று எல்லாவற்றையும் பிரதி எடுத்தாள். யார் எந்த வருடம் வந்தார்கள், குளம் எப்போது வறண்டது, எப்போது மண் கொட்டினார்கள் என்பதைப் பழைய சாட்டிலைட் படங்களோடு வரிசையாக வைத்து நூற்றிருபது பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்ல வரலாறு அதுதான்.

அதை எடுத்துக்கொண்டு போனபோது, நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அறிக்கையைப் புரட்டினார். பிறகு கேட்டார்.

"இதெல்லாம் இருக்கட்டும் மேடம். அங்க குளம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அவ்வளவுதான் மேடம்."

ஜனவரியில் பொங்கல் முடிந்து பத்தாம் நாள் காலையில் இயந்திரங்கள் வந்தன. அதே நீலத்துக்குள் நின்ற கல்யாண மண்டபத்துக்கு அதன் உரிமையாளர் தடையுத்தரவு வாங்கியிருந்தார். அதைத் தொடவில்லை. யமுனா ரோட்டோரத்தில் நின்று பார்த்தாள். பீரோவையும் கிரைண்டரையும் வெளியே இழுத்துக்கொண்டிருந்த செல்லக்கிளி அவளைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. யமுனா போய் ஒரு பக்கம் பிடித்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் அவளுக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்குக் கல்லூரிக்கு வர முடியாமல் செல்லக்கிளி வேலையை விட்டாள்.

ஜூலையில் யமுனா தேடிக்கொண்டு போனாள். செல்லக்கிளி பாய் போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள். மகள் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "முன்னாடி வேலை பார்த்த காலேஜ் மேடம்" என்று மட்டும் செல்லக்கிளி சொன்னாள்.

"கால் வலி எப்படிக்கா இருக்கு?"

"படி ஏறி எறங்கணும்ல. அப்படித்தான்." பிறகு அவளே கேட்டாள். "பிள்ளைங்க இப்பவும் படம் போடுதுங்களா மேடம்?"

"இல்லக்கா. இந்த வருஷம் வேற பாடம்."

செல்லக்கிளி தலையை ஆட்டிக்கொண்டாள். கல்லூரியைப் பார்வையிட வந்த குழு குளம் தேடும் அந்தப் பயிற்சியைத்தான் விசேஷமாகப் பாராட்டிவிட்டுப் போயிருந்தது. அதைத் தொடர்ந்து நடத்துவதென்றால்தான் இந்த ஜூனில் வேலை என்று துறைத்தலைவர் சொல்ல, யமுனா கையெழுத்துப் போட்டிருந்தாள். புதிய வகுப்பில் பிள்ளைகள் அன்று காலைதான் லால்குடிப் பக்கத்துக் குளங்களைத் தொடங்கியிருந்தார்கள்.

"டீ ஆறுது மேடம், குடிங்க" என்றாள் செல்லக்கிளி.