மூக்குக்குள் இன்னொரு மூக்கு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராசிபுரத்திலிருந்து கார்டு வந்தது. செங்கோடன் போய்விட்டார், மூன்று நாள் காய்ச்சல். சேலத்தில் எங்கள் கல்லூரியில் அவரிடம் விலங்கியல் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பௌதிகக்காரன், அவருக்குப் பக்கத்து மேஜை.

அவருடைய ஆராய்ச்சியை நீங்கள் கேலி செய்திருப்பீர்கள். எலியின் மூக்குத் தண்டுக்கு இருபுறமும், அடியில், சன்னமாக ஒரு குழல் உண்டு; மோப்பத்துக்கென்றே அமைந்த தனி உறுப்பு. வயல் எலி, வெள்ளெலி, பெருச்சாளி, அணில் நான்கிலும் அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. கடலைக்காட்டில் வளை வெட்டி எலி பிடித்துவரும் பாப்பாயி ஒருநாள் கேட்டாள்:

“ஏனுங்க சாமி, சோத்துக்குமில்லாம மருந்துக்குமில்லாம இது எதுக்குங்க?”

“மூக்குக்குள்ள இன்னொரு மூக்கு இருக்குது அம்மிணி. எதுக்கு எப்படின்னு பாக்கோணும்.”

“பாத்து?”

“பாத்தாத் தெரிஞ்சிரும். அவ்வளவுதான்.”

ஐந்து வருஷம் சேர்த்த மூக்குகள், தோலும் தாடையும் நீக்கி, ஸ்பிரிட்டுப் புட்டிகளில் இருந்தன. புட்டிக்குள் போடும் பெயர்ச்சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை கரைந்துவிடும். எனக்கு அது தெரியாது. அவர் ஊருக்குப் போயிருந்தபோது, மங்கலாக இருக்கிறதே என்று எல்லாச் சீட்டையும் மையால் எழுதி மாற்றி, பழையதைக் கிழித்துப் போட்டேன். என் கையெழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம். அவர் திரும்பியபோது ஸ்பிரிட்டு நீலமாக இருந்தது. சீட்டுகள் வெறுமையாக இருந்தன; எது எலி மூக்கு, எது அணில் மூக்கு என்று சொல்ல வழியில்லை.

“குழலைப் பார்த்துப் பெயர் எழுதிவிடலாமே?” என்றேன்.

“எழுதலாமுங்க. எதைக் கண்டுபிடிக்கோணுமோ, அதையே வெச்சுப் பேரெழுதினா அது ஆராய்ச்சியாங்க?”

திட்டியிருந்தால் தேவலை.

பிரின்சிபால் விசாரித்தபோது, “என் கவனக்குறைவுங்க” என்று முந்திக்கொண்டார். என் வேலை அப்போது உறுதியாகவில்லை. வாயில் கொழுக்கட்டையோடு நான் நின்றேன். ‘மைக்கூடு சார்’ என்று நீங்கள் அவருக்குப் பெயர் வைத்தது அதற்கப்புறம்தான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். யுத்தம் வந்தது, ஸ்பிரிட்டும், மூக்கைப் பதித்துச் சன்னமாகச் சீவுவதற்கான மெழுகும் கிடைக்கவில்லை. அணில் ஒன்று முடிந்ததோடு வேலை நின்றது. “இனி ஆவாதுங்க” என்று ஒருநாள் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மூடினார்.

நேற்று இரங்கல் கூட்டத்தில் யாரோ அந்த மைக்கதையை அன்பாகத்தான் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வேலை உறுதியாகிப் பல வருஷமான நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவன்.

என்னுடையது என்று அவரிடம் இருந்தது அந்தப் பழி ஒன்றுதான். எனக்காகச் சுமந்தார். இன்று உங்கள் முன்னால் அதை வாங்கிக்கொள்கிறேன். வாங்கிக்கொண்டேன் என்று சொல்ல, அவர் இல்லை.