எட்வின் பூசிய சுவர்

வெதர்கோட் மாளிகையை இருபத்தாறு வருடமாகக் கூட்டித் துடைத்து வந்தவள் ஹெஸ்டர் பியூ. மாளிகை என்பது பெயருக்குத்தான். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மழையில் நானூறு வருடம் நனைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மரவீடு அது. ஓக் சட்டங்களை மரமுளை அடித்துக் கோத்து, இடையில் மிலாறுக் குச்சிகளைப் பின்னிக் களிமண்ணும் சாணமும் அப்பிக் கட்டியது. 1952 ஏப்ரலில் அதை இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

"மேற்குப் பக்கம் உளுத்துப்போச்சு மிசஸ் பியூ. யார் தலையிலயாவது விழும்," என்றார் கட்டடத்தைச் சோதிக்க வந்த சர்வேயர் ட்ரான்டர்.

"நான் வந்தப்பவே சாஞ்சுதான் சார் நின்னுச்சு. ஈரம்தான் புதுசு."

ஈரம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடம் முன்பு அந்தச் சுவரின் களிமண் உதிர்ந்தபோது, கொத்தனாரான அவள் கணவன் எட்வின் அதை வழித்தெறிந்துவிட்டு சிமெண்ட் வைத்தான். ஊரே மெச்சியது. ஈர சிமெண்டில் தன் பேரையும் எழுதினான். களிமண், தான் குடித்த மழையை வெயிலில் விட்டுவிடும். சிமெண்டோ மரத்துக்குள் புகுந்த தண்ணீரை வெளியே விடாது. குளிர்காலம்தோறும் வியர்த்த சட்டங்களைத் துடைத்துக்கொண்டு அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவன் ரோஷக்காரன். இப்போது அவன் போய் நாலு வருடமாகிறது.

"அந்த சிமெண்ட் என் வீட்டுக்காரர் வச்சது. அதுதான் மரத்தைத் தின்னுது. பேத்துட்டுப் பாருங்க. உள்ளயும் கெட்டிருந்தா இடிங்க, நான் குறுக்க நிக்கல."

"வெள்ளிக்கிழமை வரேன்," என்றார் அவர்.

எட்வினின் தம்பி பெர்சி மாடு வளர்ப்பவன். மறுபடி பூசச் சாணம் கேட்கப் போனவளை வாசலிலேயே நிறுத்தினான்.

"ஊரெல்லாம் எங்கண்ணன் கையப் புகழுது. பொண்டாட்டி நீ அவன் பேரை இடிக்கப் போறியாக்கும்?"

"இடிக்கத்தான் போறேன். சாணி தருவியா, மாட்டியா?"

அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

எட்வினின் சுத்தியலை எடுத்து அவளே தொடங்கினாள். லேசில் உடையவில்லை. "பாவி மனுஷன், எதையும் அரைகுறையாச் செஞ்சதே இல்லையே," என்று திட்டிக்கொண்டே மூன்று நாள் அடித்தாள். உள்ளங்கை கொப்பளித்தது.

வெள்ளிக்கிழமை ட்ரான்டர் சட்டங்களைக் குத்தூசியால் குத்திப் பார்த்தார். மேலே அரை அங்குலம் பொடிந்து கொட்டியது. அப்புறம் ஊசி இறங்கவேயில்லை. எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று தெரிவதற்காகப் பழைய தச்சர்கள் செதுக்கிய நாலு கோடுகள்கூட அப்படியே இருந்தன.

"மூலைத்தூண்ல அடிப்பக்கம் ஒரு அடிதான் போயிருக்கு. அதை வெட்டிட்டுப் புது ஓக் ஒட்டுப் போட்டுக்கலாம். வீடு நிக்கும்," என்றார். பிறகு இன்னும் உடைபடாமல் எட்வின் பேரோடு இருந்த கடைசி சிமெண்ட் கட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். "இது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே?"

"அதுக்குப் பின்னாலயும் மரம் இருக்கே சார்."

கண்ணீர் வழிய வழிய அவள் அடித்தாள். ஆறாவது அடியில் பேர் பிளந்து விழுந்தது.

பின்னால் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி நிறையச் சாணத்தோடு பெர்சி நின்றிருந்தான். விழுந்து கிடந்த பேரைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க கொட்டறது?" என்றான்.